கேள்வியும் பயிற்சியும்: நிரலர் நேர்காணலின் எழுபது ஆண்டுகள் (1955–2025)

முன்னுரை

தச்சர் செய்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். சமையற்காரர் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். பத்துப் பேர் கூடி ஆறு மாதம் எழுதப்போகும் நிரலை முக்கால் மணி நேரத்தில் ருசி பார்க்க வழியில்லை. கணினி நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தொடங்கிய நாள்முதல் இருந்துவரும் சங்கடம் இது. வேலையை நேரடியாகச் சோதிக்க முடியாததால் வேறொன்றைச் சோதித்து, அதிலிருந்து வேலைத்திறனை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த 'வேறொன்று' காலந்தோறும் எதுவாக இருந்தது, ஏன் மாறியது, வேலை தேடுவோரின் தயாரிப்பு அதற்கேற்ப எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்த நேர்காணல் முறை பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்கா. எனவே கட்டுரையின் பெரும்பகுதி அங்கேயே நிற்கிறது; அம்முறை இந்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்த விதம் தனியாகப் பார்க்கப்படுகிறது. கட்டுரையின் கருதுகோள் இது: ஒவ்வொரு தேர்வுமுறையும் தான் வளர்த்துவிட்ட தயாரிப்பாலேயே தேய்ந்தது. விடையை நெட்டுருப் போட முடிந்த நாளில் கேள்வி தன் வேலையை இழந்தது. தேயாமல் எஞ்சியது, ஒரு கணக்கைப் புரிந்துகொள்வதில் தொடங்கிச் சரிபார்ப்பது வரை கையால் செய்து வாயால் விளக்கும் பழக்கம் மட்டுமே.

1. திறனறித் தேர்வின் காலம்

1950களின் நடுவில் நிரல் எழுதுவதற்கென்று பட்டப்படிப்பு கிடையாது. அனுபவசாலிகளும் மிகக் குறைவு. அமெரிக்க வான்படையின் 'சேஜ்' வான்காப்புத் திட்டத்துக்கு நிரல் எழுதும் பொறுப்பு ராண்ட் நிறுவனத்திலிருந்து பிரிந்த சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷனிடம் வந்தது. அந்நிறுவனம் நிரலர்களை வெளியில் தேடி அலுத்து, தானே பயிற்றுவிக்க முனைந்தது. யாரைப் பயிற்றுவிப்பது என்ற கேள்வி எழுந்தபோது உளவியலாளர்களின் சோதனைத் தாள்கள் கைகொடுத்தன.

ஐபிஎம் 1955இல் தனக்கென ஒரு நிரலர் திறனறித் தேர்வை உருவாக்கியது. எண் தொடரில் அடுத்த எண் எது, உருவங்களுக்கிடையே உள்ள ஒப்புமை என்ன, சொற்களில் தரப்பட்ட கணக்குக்கு விடை என்ன என மூன்று பகுதிகள் அதில் இருந்தன. கணினி என்ற சொல்லையே கேள்விப்படாதவரும் எழுதலாம். 1962 வாக்கில் நிரலர்களை எடுத்த நிறுவனங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஏதோ ஒரு திறனறித் தேர்வைப் பயன்படுத்தின என்றும், 1967ஆம் ஆண்டில் மட்டும் ஐபிஎம் தேர்வை 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர் என்றும் கணினி வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் பதிவு செய்கிறார்.

இவ்வளவு பேர் எழுதிய தேர்வு எதை அளந்தது? பயிற்சி வகுப்பில் ஒருவர் வாங்கும் மதிப்பெண்ணோடு இத்தேர்வின் மதிப்பெண் ஓரளவு ஒத்துப்போனது. வேலையில் அவர் எப்படி இருப்பார் என்பதோடு அதற்கு உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. 1966இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் 1,378 நிரலர்களை ஆராய்ந்து, அவர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவதில் நாட்டம் குறைவு என்ற முடிவுக்கு வந்தனர். அந்த 1,378 பேரில் பெண்கள் 186 பேர்தான். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களின் குணம் இனி வரவேண்டியவர்களுக்கான தகுதியாக மாறியது இப்படித்தான்.

கருதுகோளுக்கு முதல் சான்றும் இங்கேயே கிடைக்கிறது. இத்தேர்வுகளின் விடைகள் கல்லூரி ஆண்கள் சங்கங்களிலும் ஆண்கள் மட்டும் கூடும் மன்றங்களிலும் கைமாறின என்கிறார் என்ஸ்மெங்கர். பிறவித் திறனை அளப்பதாகச் சொன்ன தாளுக்கு, விடைத்தாளைக் கையில் வைத்திருந்தவரும் திறனாளியாகவே தெரிந்தார். ஜெரால்ட் வெயின்பெர்க் 1971இல் நிரலெழுதுதலின் உளவியல் பற்றி எழுதிய நூலில் இச்சோதனைகளைக் கடுமையாக விமர்சித்தார்.

இதற்கிடையே 1968இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு வேறொரு நம்பிக்கையை விதைத்தது. அனுபவமுள்ள 12 நிரலர்களிடம் ஒரே வேலையைக் கொடுத்தபோது, பிழை திருத்த அவர்கள் எடுத்த நேரத்தில் 28 மடங்குவரை வேறுபாடு தெரிந்தது. வெவ்வேறு மொழிகளிலும் சூழல்களிலும் வேலை செய்தவர்களை ஒன்றாகக் கலந்து கணக்கிட்டதால் இந்த எண் மிகையானது என்று பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. ஆனால் அந்த எண் ஊன்றிய எண்ணம் போகவில்லை: பத்துப் பேருக்குச் சமமான ஒருவர் எங்கோ இருக்கிறார், அவரைக் கண்டுபிடித்தால் போதும். அடுத்த காலகட்டத்தின் வேட்கை இதிலிருந்து வளர்ந்தது.

2. புதிர்களின் காலம்

புதிர் கேட்கும் வழக்கம் அதற்கும் முன்பே முளைத்திருந்தது. 1957 ஆகஸ்டில் டிரான்சிஸ்டர் மேதை வில்லியம் ஷாக்லி, கலிபோர்னியாவில் தாம் தொடங்கிய நிறுவனத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஜிம் கிப்பன்ஸ் என்ற இளம் அறிவியலாளரிடம், கையில் நேரமானியுடன், ஒரு கணக்கைப் போட்டார். 127 பேர் ஆடும் டென்னிஸ் போட்டி; தோற்றவர் வெளியேற வேண்டும்; வெற்றியாளரைக் கண்டறிய மொத்தம் எத்தனை ஆட்டம் தேவை? சுற்றுச் சுற்றாகக் கூட்டலாம்: 63, 32, 16, 8, 4, 2, 1. கிப்பன்ஸ் கூட்டவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது. 126 பேர் வெளியேற வேண்டும். ஆகவே 126 ஆட்டம். இந்நிகழ்ச்சியை வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2003இல் வெளியிட்ட, புதிர் நேர்காணல் பற்றிய நூலில் விவரிக்கிறார்.

மைக்ரோசாஃப்ட் இந்த வழக்கத்தைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. சாலையில் சாக்கடைக் குழியின் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற கேள்வி உலகப் புகழ் பெற்றது. சதுர மூடியைக் குறுக்காகத் திருப்பினால் குழிக்குள் விழும். வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் விழாது. முதல்முறை கேட்பவருக்கு இது அழகான கேள்வி. இரண்டாம்முறை கேட்பவருக்கு இது வெறும் பொது அறிவு.

கூகுள் 2004இல் புதிரைச் சாலைக்கே கொண்டுவந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் 101ஆம் நெடுஞ்சாலையில், நிறுவனத்தின் பெயரே இல்லாத விளம்பரப் பலகை ஒன்று நின்றது. கணித மாறிலி 'இ'யின் இலக்கங்களில் அடுத்தடுத்து அமையும் முதல் பத்திலக்கப் பகா எண் எதுவோ, அதுவே ஓர் இணைய முகவரி என்றது அந்தப் பலகை. விடை 7427466391. அங்கே போனவருக்கு இன்னொரு கணக்கு காத்திருந்தது. அதையும் தாண்டியவரிடம் கூகுள் விண்ணப்பம் கேட்டது. சாக்கடை மூடிக் கேள்வியிலிருந்து இது ஒரு படி மேலானது என்பதையும் சொல்ல வேண்டும்: இதற்கு விடை காண ஒரு சிறு நிரலாவது எழுதியாக வேண்டும்.

புதிர்களின் முடிவை அறிவித்ததும் கூகுள்தான். அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், நேர்காணல் புதிர்கள் எதையும் முன்கணிப்பதில்லை, முழு நேர விரயம் என்று 2013இல் நியூயார்க் டைம்ஸிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குள் புதிர்கள் புத்தகங்களாக அச்சேறி, விடைகளோடு கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன.

3. நிரலே கேள்வியான காலம்

புதிருக்குப் பதில் நிரலையே எழுதச் சொன்னால் என்ன என்ற எண்ணம் 2000ஆம் ஆண்டையொட்டி வலுப்பெற்றது. மைக்ரோசாஃப்டில் எக்செல் பிரிவில் பணியாற்றியிருந்த ஜோயல் ஸ்போல்ஸ்கி அவ்வாண்டில் எழுதிய நேர்காணல் வழிகாட்டி, வந்தவரைக் கட்டாயம் நிரல் எழுதவைக்கும்படி வலியுறுத்தியது. ஜான் மோங்கனும் நோவா சுவோயானனும் எழுதிய நிரல் நேர்காணல் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் நேர்காணல் அறையின் நிரந்தரப் பொருள்களாயின.

நிரல் எழுதச் சொன்னபோது ஓர் அதிர்ச்சியும் வெளிப்பட்டது. 2007 ஜனவரியில் இம்ரான் கோரி என்பவர், 'ஃபிஸ்பஸ்' என்ற குழந்தை விளையாட்டை நேர்காணல் கேள்வியாக்கியது பற்றி எழுதினார். 1 முதல் 100 வரை எண்களை அச்சிட வேண்டும். 3ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதில் 'ஃபிஸ்', 5ஆல் வகுபடுவதற்கு 'பஸ்', இரண்டாலும் வகுபடுவதற்கு 'ஃபிஸ்பஸ்'. பட்டம் பெற்ற பலர் இதிலேயே தடுமாறினர். சிக்கல் வரிசையில் இருக்கிறது. 3ஆல் வகுபடுகிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போகும்படி எழுதினால் 15க்கு 'ஃபிஸ்' என்று அச்சாகும். 'ஃபிஸ்பஸ்' வரவே வராது. இரண்டாலும் வகுபடுகிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒரு தாளில் 15ஐ மட்டும் எழுதிப் பார்த்திருந்தால் இப்பிழை அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எளிய நிரல் என்று ஒன்று இல்லை என்பதைக் கணினியியலாளர் ஜான் பென்ட்லி அதற்கு முன்பே காட்டியிருந்தார். வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பிளந்து பிளந்து தேடும் 'பைனரி சர்ச்' முறையை எழுதும்படி தம் வகுப்புக்கு வந்த தொழில்முறை நிரலர்களிடம் அவர் சொல்வார். நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தும் பத்தில் ஒருவர்தான் பிழையின்றி எழுதினார். கதை அதோடு முடியவில்லை. பென்ட்லி தாமே சரியென்று நிறுவி நூலில் தந்த வடிவத்திலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஜாவா நூலகத்துக்கு அந்த முறையை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் அதை வெளியிட்டார். நடு இடத்தைக் காணத் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். பட்டியல் ஏறத்தாழ 107 கோடி உறுப்புகளைத் தாண்டும்போது அந்தக் கூட்டல், 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பான 2,147,483,647ஐ மீறி எதிர்மறை எண்ணாகிவிடுகிறது. இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டினால் பிழை நீங்கும். ஜாவாவில் இப்பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. இதை அறிந்த நேர்காணல்காரர் மனப்பாடம் செய்துவந்தவரையும் கணக்குப் போட்டுப் பழகியவரையும் ஒரே கேள்வியில் பிரித்துவிடுவார்: பட்டியல் மிகப் பெரிதானால் உன் நிரலில் எந்த வரி முதலில் உடையும்?

4. பயிற்சியே தொழிலான காலம்

நேர்காணலில் நிரல் வந்ததும் அதற்கான பயிற்சிக் களத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது வேறு காரணத்துக்காக முன்பே உருவாகியிருந்தது. 1970இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாணவர் நிரல் போட்டி பின்னாளில் ஐசிபிசி என்ற உலகப் போட்டியாக வளர்ந்தது. 2001இல் டாப்கோடர், 2009இல் இந்தியாவின் கோட்செஃப் போன்ற தளங்கள் போட்டியை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தன. நேர்காணல் அறைக்குக் கணக்குகளையும் கால அளவையும் தானியங்கித் திருத்தத்தையும் கொடுத்தது இந்தப் போட்டி மரபு.

2008இல் கேல் லாக்மன் மெக்டவல் எழுதிய நேர்காணல் பயிற்சி நூல் இத்துறையின் பாடநூலாகவே ஆனது. 2015இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் 189 கேள்விகள் விடைகளோடு உள்ளன. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் 2009இல் இன்டர்வியூஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் ஏற்றுக்கொண்ட முதல் இந்திய நிறுவனம் அது. 2012இல் அதிலிருந்து ஹேக்கர்ரேங்க் பிறந்தது. நிரலைத் தானே ஓட்டி, ஒளித்துவைத்த உள்ளீடுகளால் சோதித்து மதிப்பெண் போடும் இதுபோன்ற தளங்கள் வந்தபின் ஆயிரம் பேரை ஒரே மாலையில் சலிக்க முடிந்தது. நேர்காணல்காரர் பார்க்காமலேயே ஒருவர் நிராகரிக்கப்படவும் முடிந்தது.

இதே வகைப் பயிற்சித் தளமான லீட்கோடின் பெயர் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 'ஆறு மாசமா லீட்கோட் பண்றேன்' என்றால் வேலை மாறத் தயாராகிறார் என்று பொருள். 2018இல் ஃபேஸ்புக் பொறியாளர் ஒருவர் அத்தளத்தின் நூற்றுக்கணக்கான கணக்குகளிலிருந்து 75ஐ மட்டும் தேர்ந்து வெளியிட்ட பட்டியல் உலகெங்கும் பரவியது. பரந்த பாடத்திட்டம் 'முக்கிய வினாக்கள்' என்று சுருங்குவதைத் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவரும் அடையாளம் காண்பார்.

5. இந்தியக் கல்லூரி வளாகத்தில்

அமெரிக்காவில் அடுத்தடுத்து வந்த மூன்று காலங்களும் இந்தியக் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரே நேரத்தில் வந்து நின்றன. முதல் சுற்று ஆப்டிட்யூட், அதற்கு ஆர்.எஸ். அகர்வாலின் தடித்த புத்தகம். இன்ஃபோசிஸ் தேர்வில் புதிர்கள் வந்த காலத்தில் சகுந்தலா தேவி, ஜார்ஜ் சம்மர்ஸ் ஆகியோரின் புதிர் நூல்கள் விடுதி அறைகளில் நகலெடுத்துப் புழங்கின. அதன்பின் டெக்னிக்கல் சுற்று. அதற்கு யஷ்வந்த் கனித்கரின் சி மொழி நூல்கள்.

டெக்னிக்கல் சுற்றின் ஒரு வகைக் கேள்வி தனியே ஆராயத்தக்கது. ஒரே வரியில் ஒரு மாறியின் மதிப்பை இரண்டு மூன்று முறை மாற்றும்படி எழுதி, இதன் விடை என்ன என்று கேட்பார்கள். அத்தகைய வரிக்கு வரையறுக்கப்பட்ட விடையே கிடையாது என்கிறது 1989இல் வந்த சி மொழித் தரநிலை. கல்லூரி ஆய்வகத்தின் டர்போ சி ஒரு விடை சொல்லும். வேறொரு கம்பைலர் வேறு விடை சொல்லும். மாணவர்களோ டர்போ சி சொன்ன விடையை உண்மை என்று மனப்பாடம் செய்தார்கள். 'இதற்குத் தரநிலைப்படி விடை இல்லை' என்று சொன்னவரே மொழியை அறிந்தவர். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தாளில் அவருக்கு இடமில்லை.

விளைவு புள்ளிவிவரத்தில் தெரிந்தது. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 2017இல் 500க்கும் மேற்பட்ட இந்தியக் கல்லூரிகளின் 36,000க்கும் மேற்பட்ட பொறியியல் மாணவர்களிடம் நிரல் எழுதும் தேர்வு நடத்தியது. 60 விழுக்காட்டுக்கும் மேலானோரின் நிரல் கம்பைல்கூட ஆகவில்லை. சரியான தர்க்கத்தோடு எழுதியவர்கள் 4.77 விழுக்காடு. தேர்வு விற்கும் நிறுவனமே நடத்திய ஆய்வு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தொழில்துறையினர் சிலர் இதை ஏற்கவும் இல்லை. ஆனால் பயிற்சி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை. டிசிஎஸ் 2012 முதல் கோட்விட்டா போட்டியையும் 2018 முதல் தேசியத் தகுதித் தேர்வையும் நடத்துகிறது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. கோடிங் ரவுண்டு இன்று சிறுநகரக் கல்லூரி மாணவருக்கும் பழக்கமான சொல்.

6. எதிர்ப்பும் அளவீடும்

ஹோம்புரூ என்ற மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவல் 2015 ஜூனில், தம் மென்பொருளைப் பெரும்பாலான கூகுள் பொறியாளர்கள் பயன்படுத்தியும், 'பைனரி ட்ரீ' என்ற கிளைத் தரவமைப்பைப் பலகையில் தலைகீழாக்க முடியாததால் அந்நிறுவனம் தம்மை நிராகரித்துவிட்டது என்று எழுதினார். செய்து காட்டிய வேலையைவிடப் பலகைக் கணக்கு பெரிதா என்ற விவாதம் அதிலிருந்து மூண்டது.

விவாதத்துக்கு ஆய்வு விடை 2020இல் வந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 கணினியியல் மாணவர்களை இரு பிரிவாக்கின. ஒரு பிரிவினர் நேர்காணல்காரர் பார்த்திருக்க, பேசிக்கொண்டே பலகையில் எழுதினர். மறு பிரிவினர் அதே கணக்கைத் தனியறைப் பலகையில் எழுதினர். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. பார்க்கப்பட்ட பிரிவில் பெண்கள் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் கணக்குத் தெரியாததும் பார்வைக்கு அஞ்சுவதும் நேர்காணல் அறையில் ஒன்றுபோலவே தோன்றும் என்பதை இந்த ஆய்வு காட்டிவிட்டது.

ஆள் எடுக்கும் முறைகளில் எது வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது? 1998இல் உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையின் ஒரு துண்டையே செய்யவைக்கும் தேர்வு முதலிடம் பெற்றது. 2022இல் சாக்கெட்டும் குழுவினரும் அந்தக் கணக்கீடுகளைத் திருத்தியபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணல் முன்னுக்கு வந்தது. இரண்டு முடிவுகளிலும் கண்டபடி பேசிப் பார்த்து முடிவெடுக்கும் நேர்காணல் பின்தங்கியே நின்றது.

7. பயிற்சியின் இயல்பு: ஒரு கணக்கை அருகிலிருந்து

லீட்கோடின் முதல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர் எண் பட்டியலும் ஓர் இலக்கும் தரப்படும். கூட்டினால் இலக்கு வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியல் 8, 3, 14, 5, 9. இலக்கு 17. கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூல், கணக்குத் தீர்ப்பதை நான்கு படிகளாக வகுத்தது: புரிந்துகொள்ளல், திட்டமிடல், செய்தல், திரும்பிப் பார்த்தல். நேர்காணலுக்கு இன்றும் அதுவே வழி.

புரிந்துகொள்ளல் என்பது கேள்வி கேட்பது. இந்தப் பட்டியலில் 8+9, 3+14 என்று இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று போதுமா, எல்லாம் வேண்டுமா? ஒரே எண்ணை இருமுறை எடுக்கலாமா? விடையே இல்லாவிட்டால் என்ன தர வேண்டும்? இவற்றைக் கேட்காமல் எழுதத் தொடங்குபவர் வேறொருவரின் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்.

திட்டமிடலில் முதலில் வருவது முரட்டு வழி: ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது. ஐந்து எண்ணுக்கு 10 ஜோடி. 10,000 எண்ணுக்கு 4,99,95,000 ஜோடி. இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. சரியான விடை தரும் மெதுவான வழி, தவறான விடை தரும் வேகமான வழியைவிட மேல். அடுத்த வழி, மளிகைக்கடைக் கணக்கு நோட்டுப்போலக் கடந்துவந்த எண்களை ஹேஷ் டேபிளில் குறித்துக்கொண்டே போவது. 8ஐப் பார்க்கிறோம், 9 வேண்டும், நோட்டில் இல்லை, 8ஐக் குறிக்கிறோம். 3 வருகிறது, 14 வேண்டும், இல்லை, குறிக்கிறோம். 14 வருகிறது, 3 வேண்டும், நோட்டில் இருக்கிறது. விடை கிடைத்தது. 10,000 எண் என்றாலும் ஒருமுறை நடந்தால் போதும். விலை, நோட்டுக்கான நினைவக இடம்.

செய்வதில் ஒரு கண்ணி உண்டு. இலக்கு 16 என்றால், 8ஐ முதலில் குறித்துவிட்டுப் பிறகு தேடும் நிரல், அதே 8ஐக் கண்டு 8+8 என்று சொல்லிவிடும். தேடிவிட்டுத்தான் குறிக்க வேண்டும். விடையை நெட்டுருப் போட்டவருக்கு இந்த இரண்டு வரிகளின் வரிசை தற்செயலானது. போட்டுப் பார்த்தவருக்கு அதுதான் கணக்கின் உயிர். திரும்பிப் பார்க்கும்போது கேள்வியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பட்டியல் ஏறுவரிசையில் இருந்தால் நோட்டே தேவையில்லை: இரு முனையிலும் விரல் வைத்து, கூட்டல் பெரிதானால் வலது விரலையும் சிறிதானால் இடது விரலையும் உள்ளே நகர்த்தலாம். மூன்று எண்கள் என்றால் ஒன்றைப் பிடித்துவைத்து மீதிக்கு இதே வழி. ஒரு கணக்கு இப்படி நான்காகும்போது 75 கணக்கே 300 ஆகிறது.

நினைவு பற்றிய ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினர். படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினர். விடையை வாசித்துத் தலையாட்டுவது முதல் வகை. மூடிவிட்டு வெற்றுத் தாளில் மீண்டும் எழுதுவது இரண்டாம் வகை. நேர்காணல் எப்போதும் அந்த ஒரு வாரத்துக்குப் பின்தான் வருகிறது.

8. எந்திரம் விடை சொல்லும் காலம்

2022இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோட் என்ற ஏஐ, கோட்ஃபோர்சஸ் தளத்தின் நிரல் போட்டிகளில் நடுத்தரப் போட்டியாளர் அளவை எட்டியது. 2025இல் பாக்குவில் நடந்த ஐசிபிசி உலக இறுதிப் போட்டியின் 12 கணக்குகளையும் ஓப்பன்ஏஐயின் மாதிரிகள் தீர்த்தன. நேர்காணலில் கேட்கப்படும் கணக்கு எந்திரத்துக்கு இனி ஒரு நொடி வேலை. வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் விடை யாருடையது என்று அறிய வழியில்லாமல் போனது.

நிறுவனங்கள் இரு திசையில் நகர்ந்தன. குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்தப்போவதாகக் கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை 2025இல் சொன்னார். அதே ஆண்டில் வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான கான்வா, நேர்காணலிலேயே ஏஐ கருவிகளைப் பயன்படுத்தும்படி விண்ணப்பதாரர்களிடம் கேட்கத் தொடங்கியது. தெளிவற்ற பெரிய கணக்கைக் கொடுத்து, எந்திரம் தந்ததில் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று பார்க்கிறது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு வழியும் தேடுவது ஒன்றை: விடைக்குப் பின்னால் புரிதல் இருக்கிறதா?

முடிவுரை

இந்த எழுபது ஆண்டுகளில் திறனறித் தாளின் விடைகள் மன்றங்களில் கைமாறின, புதிர்கள் புத்தகமாயின, பலகைக் கணக்குகள் 75க்குச் சுருங்கின, இன்று அந்த 75க்கும் எந்திரம் விடை தருகிறது. ஒவ்வொரு முறையும் விடை மலிவானது. மலிவாகாதவை மூன்று: எழுதுமுன் கேட்கும் கேள்வி, விளிம்பு நிலையில் உடையும் வரியைக் காணும் கண், செய்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லும் வாய். 126 என்ற விடையைவிட, ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது என்று கிப்பன்ஸ் சொன்ன காரணமே 1957இல் மதிப்புப் பெற்றது. அந்த மதிப்பு இன்னும் குறையவில்லை.

ஆள் எடுப்போர், எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பிட்டு, தனியே யோசிக்கச் சில நிமிடமாவது தர வேண்டும். தயாராவோர் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரே கணக்குப் போதும். தாளில் கையால் எழுதி, மிகச் சிறிய உள்ளீட்டையும் மிகப் பெரிய உள்ளீட்டையும் ஓட்டிப் பார்த்து, விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை உட்காரவைத்து வாய்விட்டு விளக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல், அதே கணக்கை மறுபடியும் போட வேண்டும்.